ஓதம் திரும்பும் நேரம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் படகுப் பயணம் பற்றி இந்த இதழில் நான் எழுதிய இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கடிதங்களை ஆசிரியர் ஒரு கட்டாக அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன். அந்தக் கட்டுரையைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: நானும் என் வீட்டுக்காரரும் கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவில் உள்ள நனைமோ என்ற ஊரில் இருக்கிறோம். எனக்கு 67 வயது, அவருக்கு 71. நான் கணக்கு எழுதும் வேலையில் இருந்தேன்; அவர் பஸ் டிப்போவில் டீசல் மெக்கானிக். ஓய்வு பெற்றதும் 34 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, ‘கொண்டல்’ என்று பேர் வைத்தோம். ஒன்பது கோடைகாலமாக அதில் வடக்கே போய்வருகிறோம். சில ஆண்டு அலாஸ்காவின் கெச்சிக்கான் வரை, சில ஆண்டு பாதி தூரம்.

நான் பிறந்தது தூத்துக்குடி. அப்பா கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக இருந்தவர். பதில்களில் அவர் அடிக்கடி வருவார்.

நீங்கள் இருவரும் பசிபிக் பெருங்கடலையா கடக்கிறீர்கள்? (கோவை வாசகர்)

இல்லை ஐயா. வட அமெரிக்காவின் மேற்குக் கரையை வரைபடத்தில் பார்த்தீர்களானால், சியாட்டிலுக்கு மேலே கரை பொடிப்பொடியாக உடைந்து கிடப்பது தெரியும். ஆயிரக்கணக்கான தீவுகள். எங்கள் வான்கூவர் தீவு மட்டுமே ஏறக்குறைய 450 கிலோமீட்டர் நீளம். இந்தத் தீவுகள் பெருங்கடலின் அலையை மறைத்து நிற்கின்றன. அவற்றுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஓடும் நீர்வழிக்கு ‘இன்சைட் பாஸேஜ்’ என்று பேர். நாங்கள் வீட்டில் உள்வழி என்போம்.

நனைமோவிலிருந்து கெச்சிக்கானுக்கு சுமார் 550 கடல்மைல், அதாவது ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம். எங்கள் படகு நாளொன்றுக்கு முப்பது கடல்மைல் போகும். இரவில் ஓட்டுவதில்லை. மரம் வெட்டும் தொழில் நடக்கிற கரை இது. தண்ணீரில் பெரிய பெரிய கட்டைகள் மிதக்கும். சில கட்டைகள் ஒரு முனை கீழே ஊறிப்போய், செங்குத்தாக, நுனி மட்டும் வெளியே தெரிய நிற்கும். பகலிலேயே கண்ணுக்குத் தப்பும். அதனால் வெளிச்சம் இருக்கும்போது மட்டும்தான் பயணம். ஜூன் கடைசியில் கெச்சிக்கானில் பதினேழு மணி நேரத்துக்கும் மேல் பகல் என்பதால் அதில் கஷ்டமில்லை.

வழியில் தீவுகளின் மறைப்பு இல்லாமல் பெருங்கடல் நேராக உள்ளே வரும் இடம் இரண்டு. ஒன்று கேப் காஷன் முனையைச் சுற்றியுள்ள சுமார் 40 கடல்மைல். மற்றது கனடாவுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவே உள்ள டிக்ஸன் என்ட்ரன்ஸ். இந்த இரண்டு இடத்திலும் காத்திருந்துதான் தாண்டுவோம்.

பாய்மரப் படகு என்கிறீர்கள், டீசல் கணக்கும் எழுதுகிறீர்கள். எது உண்மை? (சேலம் வாசகர்)

இரண்டும் உண்மை. கோடையில் இந்தக் கரையில் காற்று வடமேற்கிலிருந்து வரும். நாங்கள் போவதும் வடமேற்கு. எதிர்க்காற்றில் பாய் விரித்தால் குறுக்கும் நெடுக்குமாகத் திரும்பித் திரும்பிப் போக வேண்டும். குறுகலான நீர்வழியில் அதற்கு இடமில்லை. காற்றே இல்லாமல் தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடக்கும் நாட்களும் உண்டு. ஆகவே போகும்போது பத்தில் ஏழு மணி நேரம் இன்ஜின்தான். 27 குதிரைத்திறன், மணிக்கு இரண்டரை லிட்டர் குடிக்கும். ஆகஸ்டில் திரும்பி வரும்போது அதே வடமேற்குக் காற்று முதுகில் தள்ளும். அப்போது இன்ஜினை நிறுத்திப் பாயை விரித்ததும் வருகிற அமைதி இருக்கிறதே, அந்த ஒரு வாரத்துக்காகத்தான் மீதி ஏழு வாரத்தையும் நான் தாங்கிக்கொள்கிறேன் என்று அவரிடம் சொல்வேன்.

‘ஓதம் பார்த்துத்தான் அந்த இடுக்கைத் தாண்ட முடியும்’ என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்களேன். (மயிலாடுதுறை வாசகி)

இதை நீங்கள் கேட்டதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். இந்தப் பயணத்தின் உயிரே இதுதான். ஓதம் என்றால் கடல்நீர் தினமும் ஏறி வற்றுவது.

தூத்துக்குடியில் ஓதம் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் இருக்காது. இங்கே நனைமோவில் நாலு, ஐந்து மீட்டர். வடக்கே பிரின்ஸ் ரூப்பர்ட்டில் ஏழு மீட்டரைத் தாண்டும். காலையில் படகுத்துறையின் பாலம் சமமாக இருக்கும். மத்தியானம் அதே பாலம் ஏணி மாதிரி செங்குத்தாக நிற்கும். இவ்வளவு தண்ணீரும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் தீவுகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் புகுந்து போக வேண்டும், திரும்ப வேண்டும். சந்து குறுகக் குறுக ஓட்டம் வேகமாகும்.

கேம்பெல் ரிவர் ஊருக்கு வடக்கே சீமோர் நாரோஸ் என்று ஓர் இடுக்கு. முக்கால் கிலோமீட்டர் அகலம்தான். உச்ச நேரத்தில் அங்கே தண்ணீர் 15 நாட் வேகத்தில் ஓடும்; அதாவது மணிக்கு 28 கிலோமீட்டர். எங்கள் படகின் வேகம் ஆறு நாட். எதிரே போனால் பின்னோக்கித்தான் போவோம். கூடவே போனால் சுழல்கள் படகைப் பிடித்துத் திருப்பிவிடும். ஆனால் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் நடுவே, ஓட்டம் நின்று திசை மாறும் சில நிமிடங்கள் உண்டு. அந்த நேரத்தில் அதே இடம் தெப்பக்குளம் மாதிரி இருக்கும். கனடாவின் நீர்வரைவியல் துறை ஒவ்வோர் இடுக்குக்கும் அந்த நேரத்தைக் கணித்து ஆண்டுதோறும் அட்டவணையாக வெளியிடுகிறது. பஞ்சாங்கம் இல்லாமல் அப்பா தோணி இறக்க மாட்டார். எங்களுக்கு இதுதான் பஞ்சாங்கம்.

இன்னொரு விசேஷமும் உண்டு. வான்கூவர் தீவைச் சுற்றி ஓதம் இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. சீமோர் இடுக்கில் ஏற்றத்தின்போது தண்ணீர் தெற்கே ஓடும், வற்றின்போது வடக்கே ஓடும். வடக்கே போகிற நாங்கள் ஏற்றம் முடியும் தறுவாயில் இடுக்கின் வாசலில் போய் நிற்போம். ஓட்டம் நின்றதும் தாண்டுவோம். அப்புறம் வற்று எங்களை வடக்கே இழுத்துக்கொண்டு போகும். இரண்டு பக்க ஓதமும் சந்திக்கும் இடம் டெஸொலேஷன் சவுண்ட் பக்கம். அங்கே தண்ணீர் அதிகம் புரளாமல் கிடப்பதால் வெயிலில் சூடேறி, கோடையில் நம் ஊர்க்காரர்களே இறங்கிக் குளிக்கலாம். அதைத் தாண்டி வடக்கே போய்விட்டால் கால் நனைக்கவே யோசிப்பேன்.

சீமோர் இடுக்கின் நடுவே முன்பு ரிப்பிள் ராக் என்ற இரட்டைப் பாறை இருந்தது. ஓதம் வற்றினால் மேற்பரப்பிலிருந்து மூன்று மீட்டர் ஆழத்தில் அதன் தலை. 1875-ல் சாரனாக் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் இந்த இடுக்கில்தான் மூழ்கியது. நூற்றுக்கும் அதிகமான கப்பல்களும் படகுகளும் அங்கே சேதப்பட்டன. நூறு பேருக்கு மேல் உயிர் விட்டார்கள். தண்ணீரின் மேலே தெப்பம் நிறுத்தித் துளையிட்டுப் பார்த்தார்கள், ஓட்டம் விடவில்லை. கடைசியில் பக்கத்துத் தீவில் கிணறு மாதிரி இறங்கி, கடலடியில் சுரங்கம் குடைந்து, பாறையின் வயிற்றுக்குள் 1,375 டன் வெடிமருந்தை அடுக்கி, 1958 ஏப்ரல் 5-ம் தேதி காலை வெடித்தார்கள். ஒவ்வொரு தடவை அதன் மேலே போகும்போதும் நான் மனதுக்குள் அந்தத் தொழிலாளிகளைக் கும்பிட்டுக்கொள்வேன்.

இனி எங்கள் தவறு. முதல் ஆண்டு, நனைமோவுக்குத் தெற்கே டாட் நாரோஸ் என்ற சின்ன இடுக்கு. நான்தான் நேரம் பார்த்தேன். 10.40 என்று போட்டிருந்தது. சரியாக 10.40-க்குப் போய் நின்றோம். அப்போதெல்லாம் கோடையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் நகர்த்தி வைப்பார்கள். நான் பார்த்த அட்டவணையோ ஆண்டு முழுக்க நிலையான நேரத்தில் அச்சிட்டது. ஒரு மணியைக் கூட்ட வேண்டும். நான் கூட்டவில்லை. படகு இடுக்குக்குள் நுழைந்ததும் சுக்கானுக்குக் கட்டுப்படவில்லை. ஒரு சுழல் அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, பிடித்து வலப்பக்கப் பாறையைப் பார்த்துத் திருப்பியது. பாறையில் ஒட்டியிருந்த நட்சத்திர மீன்களின் ஊதா நிறம் வரை தெரிந்தது. அவர் வேகத்தை முழுசாகக் கொடுத்துச் சுக்கானை இடப்பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மூன்று நிமிடம் இருக்கும். வெளியே வந்து விழுந்தோம்.

முப்பத்திரண்டு வருஷம் கணக்கு எழுதியவள் நான். அன்றிலிருந்து ஒரு மணியைக் கூட்டிய நேரத்தைச் சிவப்பு மையில் எழுதுகிறேன். அவர் தனியாக ஒரு தாளில் கணக்குப் போடுவார். இரண்டு தாளும் ஒத்துப்போகாமல் நங்கூரம் எடுப்பதில்லை.

நான் குளச்சலில் கடல்தொழில் செய்பவன், வயது 48. நீங்கள் தவறான முடிவு எடுத்துக் கடலுக்குப் போன நாள் உண்டா?

தம்பி, உண்டு. உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லிவிடப் போவதில்லை. ஆனால் கேட்டதால் முழுசாகச் சொல்கிறேன்.

மூன்றாவது ஆண்டு. சென்னையிலிருந்து என் கொழுந்தனார் குடும்பம் வந்திருந்தது. நனைமோவிலிருந்து பஸ் பிடித்து, தீவின் வடகோடிப் பக்கம் உள்ள போர்ட் ஹார்டிக்கு வருகிறோம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்களை ஏற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். சரி என்றோம். வியாழக்கிழமை நாங்கள் ஜான்ஸ்டன் ஜலசந்தியில் இருந்தோம். நீளமான நேரான நீர்வழி அது. இரண்டு பக்கமும் மலை, நடுவில் காற்று குழாயில் ஊதுவது போல் வரும். வானிலை ரேடியோவில் வடமேற்குக் காற்று 30 நாட் என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். வேறு நாளாக இருந்தால் அந்த அறிவிப்பைக் கேட்டதும் மறுபடி போர்வைக்குள் போயிருப்போம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்ற வார்த்தை இருந்ததால் கிளம்பினோம்.

பதினோரு மணிக்கு வற்று தொடங்கியது. நீவாடு, அதாவது நீரோட்டம், எங்களோடு வடமேற்கே, காற்று எதிரே தென்கிழக்கே. அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அலை நீளமாக உருளாமல், நெருக்கமாகச் சுவர் சுவராக எழும்பும். படகு ஒன்றின் மேல் ஏறி இறங்குவதற்குள் அடுத்தது தலையில் இறங்கும். உள்ளே அலமாரிக் கதவு பிய்ந்து, அரிசி, பருப்பு, டீசல் நாற்றம் எல்லாம் ஒன்றாகக் கலந்தது. இன்ஜின் இருமியது. தொட்டியின் அடியில் படிந்திருந்த கசடு கலங்கி வடிகட்டியை அடைத்துவிட்டது. அந்த ஆட்டத்தில் அவர் கீழே மண்டியிட்டு வடிகட்டியை மாற்றினார். நான் மேலே சுக்கானைப் பிடித்தபடி பாயைப் பாதியாகச் சுருக்கிப் படகை ஓட்டினேன். இருபது நிமிடம் ஆனது. என் கை நடுங்கியது அடுத்த நாள் வரை நிற்கவில்லை. போர்ட் நெவில் என்ற ஒதுக்கிடத்துக்குள் திரும்பி நங்கூரம் போட்டோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொழுந்தனார் குடும்பம் போர்ட் ஹார்டியில் ஒரு விடுதியில் தங்கிச் சாப்பிட்டுத் தூங்கியது. யாருக்கும் ஒன்றும் குறையவில்லை. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்தோம்.

ஆனி, ஆடியில் அப்பா வீட்டில் இருப்பார். தென்மேற்கிலிருந்து வரும் சோழகக் காற்று ஓயும் வரை தோணி கரையில்தான். சரக்குக்காரர்கள் வாசலில் வந்து நின்று ஒரு நடை, ஒரே ஒரு நடை என்பார்கள். அவர் வலையைப் பார்த்துக்கொண்டே பேசாமல் இருப்பார். சின்ன வயதில் அப்பாவுக்கு ஏன் ரோஷம் வரவில்லை என்று நினைத்திருக்கிறேன். போர்ட் நெவிலில் அந்த இரவு அதை நினைத்து அழுதேன்.

இப்போது யாருக்கும் தேதி சொல்வதில்லை. ‘இந்த ஊருக்கு வருவோம், நாள் சொல்ல மாட்டோம், நாள் வேண்டுமானால் ஊரைச் சொல்ல மாட்டோம்’ என்று சொந்தக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். சென்ற ஆண்டு கேப் காஷனைத் தாண்ட ஆறு நாள் காத்திருந்தோம். தினமும் காலை ரேடியோவில் கலங்கரை விளக்கக் காவலர்கள் தங்கள் கண்ணால் பார்த்த அலை உயரத்தைச் சொல்வார்கள். கடலில் மிதக்கும் மிதவைக் கருவிகள் அளந்த அலை உயரமும் வரும். கனடாவின் இந்தக் கரையில் இன்னும் மனிதர்கள் வாழும் கலங்கரை விளக்கங்கள் இருக்கின்றன. அந்தக் குரல்கள் எங்களுக்கு உறவுக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டன. ஏழாம் நாள் காலை அலை ஒரு மீட்டர் என்றார்கள். கிளம்பினோம்.

படகில் சமையல், குளியல் எல்லாம் எப்படி? (மதுரை வாசகி)

அடுப்பு தொட்டில் மாதிரி தொங்கும். படகு சாய்ந்தாலும் அடுப்பு மட்டமாக நிற்கும். இருந்தாலும் நான் எதையும் குக்கரில்தான் வைப்பேன். மூடி பூட்டிக்கொள்வதால் கொட்டாது, கேஸும் மிச்சம். கேஸ் விஷயத்தில் நாங்கள் கறார். அது காற்றைவிடக் கனம். கசிந்தால் படகின் அடிவயிற்றில் போய்த் தங்கிவிடும், ஒரு பொறி போதும். சிலிண்டர் வெளியே தனிப் பெட்டியில், கசிந்தாலும் கடலுக்குள் வழிந்து போகும்படி துளை வைத்து இருக்கும்.

தோசை மாவு இந்தக் குளிரில் புளிக்காது. மூன்று கோடை தோசை இல்லாமல் கழிந்தது. பிறகு அவர் கண்டுபிடித்தார்: நங்கூரம் போட்டு இன்ஜினை அணைத்ததும், இன்ஜின் பெட்டியின் மூடி மேல் மாவுப் பாத்திரத்தைத் துண்டு சுற்றி வைத்தால் விடியும்போது பொங்கி நிற்கும்.

நண்டு இங்கே அருமையாக இருக்கும். டஞ்சனெஸ் நண்டு என்பார்கள். உரிமம் எடுத்துக் கூடை போட வேண்டும். ஓடு 165 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் திருப்பி விட வேண்டும், பெண் நண்டையும் விட்டுவிட வேண்டும். நான் அளவுகோலைக் கூடையிலேயே கட்டி வைத்திருக்கிறேன். மிளகு போட்டுக் குழம்பு வைத்தால், பக்கத்துப் படகுக்காரர்கள் மோப்பம் பிடித்துத் துடுப்புப் போட்டு வந்துவிடுவார்கள்.

ஆனால் சிப்பி, மட்டி இவற்றை நாங்களாகப் பொறுக்கிச் சாப்பிடுவதில்லை. கடலில் ஒருவகை நுண்பாசி பெருகும்போது அதன் நஞ்சு சிப்பியில் சேரும். வேகவைத்தாலும் அது போகாது. 1793 ஜூனில் ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஜார்ஜ் வான்கூவரின் மாலுமிகள் வடக்கே ஒரு குடாவில் காலை உணவாகச் சிப்பி தின்றார்கள். ஜான் கார்ட்டர் என்ற மாலுமி அன்றே இறந்துபோனார். அந்த இடத்தின் பேர் இன்றும் பாய்ஸன் கோவ், அதாவது நஞ்சுக் குடா; அவரைப் புதைத்த இடம் கார்ட்டர் பே. அந்தப் பேர்களை வரைபடத்தில் பார்த்தபின் எனக்குச் சிப்பி ஆசை போய்விட்டது. மீன்வளத் துறை எந்தப் பகுதி மூடியிருக்கிறது என்று அறிவிக்கும், அதைப் பார்த்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு.

குளியல் மூன்று நாளைக்கு ஒரு தரம், ஒரு வாளியில் பாதி. 300 லிட்டர் தொட்டி எங்களுக்குப் பன்னிரண்டு நாள் வரும். துறைமுகம் கிடைத்தால் ஒரு டாலர் காசு போட்டால் வெந்நீர் வரும் குளியலறை இருக்கும். அதற்கென்றே ஒரு டப்பா நிறையச் சில்லறை.

திமிங்கிலம் பக்கத்தில் வருமா பாட்டி? (திருச்சி, ஆறாம் வகுப்பு மாணவி)

வரும் கண்ணு. நாங்கள் அதன் பக்கத்தில் போகக் கூடாது. ஹம்ப்பேக் திமிங்கிலத்துக்கு 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம். கொலையாளித் திமிங்கிலம் என்று சொல்லும் ஓர்க்காவுக்கு அதைவிட அதிகம். ஆனால் இன்ஜினை நிறுத்திவிட்டு நாங்கள் சும்மா மிதக்கும்போது அதுவாக வந்தால் என்ன செய்வது? ஒருநாள் பனிமூட்டத்தில் ஒன்றுமே தெரியவில்லை. திடீரென்று பக்கத்தில் பஸ் பிரேக் காற்றை விடுவது போல் ‘புஸ்ஸ்’ என்று சத்தம். அப்புறம் அழுகின மீன் வாசனை. அது ஹம்ப்பேக்கின் மூச்சு. இந்தக் கரையில் 1967 வரை திமிங்கிலங்களைக் கொன்றார்கள். அந்த ஆண்டு கடைசி நிலையத்தையும் மூடினார்கள். இப்போது அவை மெல்லத் திரும்பி வந்திருக்கின்றன.

ஓர்க்காவில் இரண்டு வகையை இங்கே அதிகம் பார்க்கலாம். ஒன்று மீன் மட்டும் தின்னும். இன்னொன்று கடல்நாய் முதலியவற்றைத் தின்னும். இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. மீன் தின்னும் ஓர்க்காக்கள் ராப்ஸன் பைட் என்ற இடத்தில் கரையோரக் கூழாங்கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொள்ள வரும். அங்கே படகு போகவே கூடாது. நாங்கள் தூரத்தில் தாண்டும்போது பேசக்கூட மாட்டோம்.

அந்தக் கரைக்குச் சொந்தமான மக்கள் யார்? அவர்களோடு பழகுவீர்களா? (யாழ்ப்பாணம் வாசகர்)

பல இனங்கள். வடக்கே போகப் போக மொழி மாறிக்கொண்டே இருக்கும். எங்களுக்கு அதிகம் பழக்கம் அலர்ட் பே ஊர். சின்னத் தீவு. க்வாக்வாகாவாக்வ் மக்களின் ஊர்.

அவர்களிடம் பாட்லாச் என்ற விழா உண்டு. கல்யாணம், பேர் வைப்பது, இறந்தவரை நினைப்பது, பட்டம் சூட்டுவது எல்லாம் அதில்தான். விருந்து வைக்கிறவர் வந்தவர்களுக்கெல்லாம் பொருளை வாரிக் கொடுப்பார். கொடுப்பதில்தான் மதிப்பு. கனடா அரசு 1885-லிருந்து 1951 வரை இதைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. 1921-ல் வில்லேஜ் ஐலண்டில் ஒளித்து நடத்திய ஒரு பெரிய பாட்லாச்சில் 45 பேர்மேல் வழக்குப் போட்டார்கள். முகமூடி, செப்புத்தகடு, ஆடை எல்லாவற்றையும் ஒப்படைத்தால் சிறை இல்லை என்றார்கள். ஒப்படைக்காதவர்கள் சிறைக்குப் போனார்கள். பொருள்கள் அருங்காட்சியகங்களுக்கும் தனியார் கைக்கும் போயின. ஊர்க்காரர்கள் விடாமல் பல பத்தாண்டு கேட்டுக்கேட்டுத் திரும்ப வாங்கினார்கள். அவற்றை வைக்க 1980-ல் ஊமிஸ்டா பண்பாட்டு மையத்தைத் திறந்தார்கள். ‘ஊமிஸ்டா’ என்றால், முன்பு பகைவர் பிடித்துப்போன ஆள் வீடு திரும்புவதற்கு அவர்கள் சொன்ன வார்த்தை.

அந்த முகமூடிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவில்லை. இத்தனை காலம் பூட்டிக் கிடந்தது போதும் என்று திறந்து வைத்திருக்கிறார்கள். நான் முதல் தடவை அந்த அறைக்குள் போனபோது செருப்பைக் கழற்றிவிட்டேன். யாரும் சொல்லவில்லை, கால் தானாகக் கழற்றியது. அங்கே இருந்த ஒரு மூதாட்டி பார்த்துவிட்டுத் தலையசைத்தார். ஒவ்வோர் ஆண்டும் வழியில் அலர்ட் பேயில் இரண்டு நாள் தங்குகிறோம். நீங்கள் எந்தக் காரணத்துக்காக இந்தக் கேள்வியைக் கேட்டீர்கள் என்று எனக்குப் புரிகிறது.

ஓய்வுக்குப் பிறகு இப்படிப் போக வேண்டும் என்று என் கணவர் ஆசைப்படுகிறார். எனக்கு 61 வயது, நீச்சல் தெரியாது. பயமாக இருக்கிறது. (டொரொண்டோ வாசகி)

பயம் நியாயமானது. அதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

வடக்கே தண்ணீர் ஜூலையிலும் பத்து டிகிரி அளவில்தான். மனிடோபா பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர் கார்டன் கீஸ்ப்ரெக்ட் ஒரு கணக்குச் சொல்கிறார்: ஒன்று, பத்து, ஒன்று. விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சு தாறுமாறாக இழுக்கும், அதை அடக்க வேண்டும். அடுத்த பத்து நிமிடம்தான் கை கால் சொன்னபடி கேட்கும். அதற்குப் பிறகு குளிரில் நினைவு தவற ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் உயிர்காப்பு உடுப்பு போட்டிருந்தால்தான் உங்களுக்குக் கிடைக்கும். நன்றாக நீந்துகிறவரும் அந்தக் குளிரில் வெகுநேரம் நீந்த முடியாது. ஆக, உங்களுக்கு நீச்சல் தெரியாததைவிட, உங்கள் கணவர் நீச்சல் தெரியும் என்று உடுப்பைப் போடாமல் இருப்பதுதான் எனக்குக் கவலை. எங்கள் படகில் அறையைவிட்டு வெளியே கால் வைத்தால் உடுப்பு. கடல் கண்ணாடியாக இருந்தாலும் சரி.

இன்னொன்று. அவர் விழுந்தால் படகில் மிஞ்சுவது நீங்கள் ஒருவர்தான். படகை நிறுத்த, திருப்ப, அவர் பக்கத்தில் கொண்டுவர, ரேடியோவில் 16-ம் அலைவரிசையில் உதவி கேட்க, இருக்கும் இடத்தைச் சொல்ல, எல்லாம் உங்களுக்குத் தனியாகத் தெரிய வேண்டும். கனடாவில் மோட்டார் வைத்த படகை ஓட்ட அட்டை வேண்டும், ரேடியோவுக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். இரண்டையும் நீங்களும் எடுங்கள். நான் ஒவ்வொரு மே மாதமும் பயிற்சி செய்கிறேன். துறையில் இடிக்காமல் இருக்கத் தொங்கவிடும் ரப்பர் உருளையைக் கடலில் எறிந்துவிட்டு, அவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் திரும்பி வந்து எடுக்க வேண்டும். முதல் ஆண்டு ஐந்து முறை தவறவிட்டேன். ஐந்தாவது தடவை அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இப்போது நாலு நிமிடத்தில் எடுக்கிறேன்.

படகை உடனே வாங்காதீர்கள். ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து, டெஸொலேஷன் சவுண்ட் வரை போய்ப் பாருங்கள். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். இரண்டு பேரும் மனதார விரும்பாமல் 34 அடிக்குள் இரண்டு மாதம் இருக்க முடியாது.

இன்னும் எத்தனை ஆண்டு போவீர்கள்? எப்போது நிறுத்துவீர்கள்? (சிங்கப்பூர் வாசகர்)

இதைப் பற்றி நாங்கள் பேசி முடிவு செய்திருக்கிறோம். அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. எனக்கு இடது முட்டியில் வலி. போர்ட் ஹார்டி, பெல்லா பெல்லா, பிரின்ஸ் ரூப்பர்ட் ஆகிய ஊர்களில் மருத்துவமனை இருக்கிறது. நடுவில் எங்காவது ஏதாவது ஆனால் கடலோரக் காவல் படையைக் கூப்பிடலாம். ஆனால் அவர்கள் வந்து சேரும் வரை நாம்தான். அதனால் வயதை வைத்து நாங்கள் முடிவு செய்யவில்லை.

ஒவ்வோர் ஏப்ரலிலும், கிளம்புவதற்கு முன், துறையில் கட்டியிருக்கும் படகிலிருந்து முழு உடுப்போடு தண்ணீரில் இறங்குவோம். ஒருவர் இறங்கும்போது மற்றவர் கயிற்றோடு மேலே நிற்பார். நனைந்த உடுப்போடு, பின்பக்க ஏணியில், யாருடைய கையையும் பிடிக்காமல் மேலே ஏறி வர வேண்டும். யாராவது ஒருவரால் முடியவில்லை என்றால் அந்த ஆண்டே படகை விற்றுவிடுவது என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஓத அட்டவணைக்குள் வைத்திருக்கிறோம்.

இந்த ஏப்ரலில் நான் முதல் தடவையிலேயே ஏறிவிட்டேன். அவருக்கு இரண்டு தடவை ஆனது. மேலே வந்து பலகையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். வெந்நீர்ப் பையை அவர் மடியில் வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “சீமோருக்கு நேரம் பார்த்துவிட்டாயா?” என்று கேட்டார்.